பொன்னேரைத் தவறவிட்ட இயக்குநர்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு அந்தப் பிரெஞ்சு இயக்குநரின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் நின்றுகொண்டு, இரண்டு கைகளாலும் ஒரு சதுரம் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. பிரெஞ்சு படித்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய் மாட்டிக்கொண்டிருந்தேன்.

இளம் வயதில் அவர் எடுத்த முதல் படத்தை அவர் நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியதாம். அடுத்து வந்ததெல்லாம் படுத்துவிட்டது. காரணம் பிடிவாதம்தான். எந்தக் காட்சியையும் இரண்டாம் தடவை எடுக்கமாட்டார். நடிகர் தடுக்கி விழுந்தாலும் அப்படியே படத்தில் வைத்துவிடுவார். யாரும் படம் கொடுக்காமல் பல வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, தள்ளாத வயதில், மானாவாரி விவசாயிகளைப் பற்றிக் கடைசியாக ஒரு படம் என்று இங்கே வந்திருந்தார். அதில் அவர் உயிரையே வைத்திருந்த காட்சி பொன்னேர். சித்திரையில் ஊரே கூடிச் சாமி கும்பிட்டு, நல்ல நேரம் பார்த்துப் பூட்டுகிற வருஷத்தின் முதல் ஏர்.

அன்று காலையில் காளைகளுக்குப் பக்கத்திலேயே சந்தனம் குங்குமத்தோடு ஒரு டிராக்டரும் மாலை போட்டு நின்றது. “அந்த இரும்பை நகர்த்தச் சொல்” என்றார் இயக்குநர். சொன்னேன்.

“நான் எதுக்கு நகத்தணும்? எங்க வீட்ல இப்ப இதுதான் மாடுன்னு சொல்லுங்க தம்பி” என்றார் டிராக்டர்க்கார அண்ணாச்சி.

அதை நான் பிரெஞ்சில் சொல்ல, அவர் கையை உதற, அதை நான் தமிழில் சொல்ல, இதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். மாடும் டிராக்டரும் உழுதுகொண்டு போய்விட்டன. கேமரா ஓடவே இல்லை. ஒலிப்பதிவு செய்கிற பெண் மட்டும் கருவியை ஓடவிட்டிருந்தாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவர், “இன்னொரு முறை செய்யச் சொல்” என்றார். காடே சிரித்தது.

“பொன்னேர ரெண்டு தடவையா பூட்டுவாவ? அடுத்த சித்திரைக்கு வரச் சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி.

திரும்பும் வழியெல்லாம், நான் மொழிபெயர்த்த வேகம் போதாது என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஊருக்குப் போய்ப் படத்தை முடித்தார். அடுத்த சித்திரைக்கு அவர் இல்லை.

ஒலிப்பதிவுப் பெண் படத்தைக் கொண்டுவந்து அந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினாள். பொன்னேர் வந்தபோது திரை கறுப்பாகிவிட்டது. சத்தம் மட்டும்தான். அந்த நாட்டுப் பத்திரிகைகள் இதைப் பெரிய கலைத் துணிச்சல் என்று எழுதினவாம். துணிச்சலாம்! நடந்த கூத்து எனக்கல்லவா தெரியும்.

“கரண்டு போயிருச்சா?” என்றது ஒரு குரல்.

“ஏலே, சும்மா இருங்க. இது என் வண்டில்லா!” என்று அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். இருட்டுக்குள் குலவை கேட்டது. “எங்க அத்தை குலவை!” என்றாள் ஒருத்தி.

திரை வெளிச்சமானதும் அண்ணாச்சிதான் முதலில் கத்தினார். “தாயி, அத இன்னொரு தடவ போடு!”

கூட்டம் மொத்தமும் கத்தியது. இதைக் கேட்க இருக்காமல் செத்துப்போன அந்த மனுஷன்மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.