மேகமலையில் ஒரு லடாக் ஒத்திகை

போன ஞாயிற்றுக்கிழமை மேகமலையில் ஓர் ஒத்திகை பார்த்தோம்.

நாடகத்துக்கு இல்லை. குளிருக்கு.

நடிகர்கள் இரண்டே பேர் – நானும் எங்கள் அய்யாவும். அய்யா என்றால் என்னைப் பெற்றவர். கம்பத்துக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறவர். சின்னமனூரில் எஸ்டேட் ஜீப்பைப் பிடித்து, ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி மேலே போய்ச் சேர்ந்தோம். எதற்கு?

லடாக்கில் ஒரு லாட்ஜில் நான்கு நாள் தங்க வேண்டும். உடம்பு தாங்குமா என்று பார்க்க!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... ஜீப் ஏறும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியும். கம்பத்துக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டியவன். மலை வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மறு கையால் வேர்க்கடலை உரிப்பவன். அவன் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தது, முதல் லீவில் தொப்பியோடு வந்து தெருவையே அதட்டியது – எல்லாம் எழுதியிருக்கிறேன். போன ஐப்பசியில் நடந்ததை மட்டும் எழுதவில்லை.

லடாக்கில் அவன் ஓட்டிய லாரி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. எங்களுக்குத் தந்தி வந்து சேர்வதற்குள் அங்கேயே தகனமும் முடிந்துவிட்டது. பாதை அடைத்துவிட்டதாம். விமானம் இறங்க மேகம் விடவில்லையாம். காரணங்கள் எல்லாம் சரியானவை. சரியான காரணத்தைப் போலக் கொடுமை வேறு உண்டா, சொல்லுங்கள்? தவறான காரணமாக இருந்தால் யாரையாவது திட்டியாவது தீர்க்கலாம்.

கொள்ளி வைத்தது அவனோடு வேலை பார்த்த ராசு. எங்கள் பக்கத்துக் கூடலூர்க்காரர். அஸ்தியையும் அங்கேயே சிந்து நதியில் கரைத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்கும் இருக்கும். எரித்த மறுநாள் சுடுகாட்டுக்குப் போய், சாம்பலைக் குளிர்வித்து, அந்த இடத்தில் பால் தெளிக்க வேண்டும். தெளிக்காவிட்டால் எரிந்த இடம் ஆறாது, போனவருக்குத் தாகம் தீராது. அண்ணனுக்கு அது நடக்கவில்லை. ராசுவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது, அந்தப் பனியில் பசும்பால் கிடைக்கவில்லை.

"அங்கன பனியாக் கொட்டுதுய்யா. அந்த எடம் எப்பவோ குளுந்து போயிருக்கும்" என்று ஒரு நாள் அய்யாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பனி விழுகுறது ஊருக்கு. பால் விழுகுறது அவனுக்கு" என்றார்.

பிறகு அவரே சொன்னார். "கொள்ளியும் நான் வைக்கல. பாலையாச்சும் எங் கையால ஊத்தணும்லே. தெவசத்துக்கு முன்னால."

இவ்வளவுதான் எங்கள் யாத்திரையின் நோக்கம்.

*

நான் பூகோள வாத்தியார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், வெளியே வராமல் அங்கேயே தங்கிவிட்ட முதல் ஆள். 'குளிர்ப் பாலைவனம்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தியவன். ஆகவே பயணத் திட்டம் என் தலையில்.

ஒரு சனிக்கிழமை அய்யா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சுவரில் தொங்கும் இந்தியா படத்தின் முன்னால் நின்றார்.

"நம்ம எங்கன இருக்கோம்?"

"இங்கன."

"அவன்?"

எட்டிக் காட்டினேன். "அங்கன."

சாண் போட்டு அளந்தார். தோல் சுருங்கிய கை, அளவு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். "நாலு சாண்கூட இல்லையேலே! இதுக்கா இம்புட்டு ரோசனை பண்ற?"

தேனியிலிருந்து பாசஞ்சர் ரயில். மதுரை. மெட்ராஸ். டில்லி. ஜம்மு. அங்கிருந்து ஸ்ரீநகருக்கு பஸ், ஸ்ரீநகரிலிருந்து லே ஊருக்கு இன்னொரு பஸ், வழியில் ஓர் இரவு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஏதோ ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவது போலத் தலையாட்டினார்.

தங்குகிற இடத்தைச் சொன்னவர் ராசுதான். மாசியில் லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். தகனம் நடந்த ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம், அங்கே ஒரு லாட்ஜ் உண்டு என்றார்.

"லாட்ஜுன்னதும் நம்ம பஸ் ஸ்டாண்டு லாட்ஜு கணக்கா நெனைச்சுக்கிராதீக மாமா. மண்ணு வீடு. மூணு ரூமு. ரூமுக்கு ரெண்டு கட்டிலு. கரண்டு கெடையாது. அந்த வீட்டம்மாதேன் சமைச்சுப் போடுவாக. குளிக்கிறதை ஊருக்கு வந்து வச்சுக்கிருங்க."

"கக்கூசு?" என்று கேட்டது என் ஆத்தா.

"மாடியில ஒரு ஓட்டை இருக்கும் அத்தை. போயிட்டு ஒரு மம்பட்டி மண்ணைத் தள்ளிவிட்றணும்."

"மாடியிலயா!" ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். ஒரு கக்கூசுக்கு என் வாழ்நாள் நன்றி!

உடனே அடுத்த சந்தேகம். "பாலைவனம்கிறீக, குளுருங்கிறீக. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கய்யா."

விடுவேனா? வகுப்பெடுத்தேன். வெயிலினால் மட்டும் பாலைவனம் ஆவதில்லை ஆத்தா, மழை பெய்யாவிட்டாலே பாலைவனம்தான் என்று விளக்கினேன்.

"அப்ப ஆண்டிபட்டிப் பக்கமெல்லாம் என்னாது?"

வகுப்பு அத்தோடு முடிந்தது.

"இன்னொண்ணு மாமா" என்றார் ராசு. "கம்பளி எத்தனை வேணும்னு முன்கூட்டியே எழுதிப் போட்றணும். அவுககிட்ட அம்புட்டு இருக்காது. வீடு வீடாக் கேட்டு வாங்கி வைப்பாக. ஆளுக்கு ஒண்ணு."

பிறகு பால் பிரச்சினைக்கு வந்தோம். அந்தக் கிராமத்தில் பசு உண்டா?

"பசுன்னு சொல்ல முடியாது. மலை எருமைக்கும் பசுவுக்கும் பொறந்த ஒரு மாடு. அதும் கொஞ்சூண்டுதேன் கறக்கும்."

"ரெண்டுங்கெட்டான் பாலையா எம் மகனுக்கு ஊத்துறது?" அய்யா எழுந்தே விட்டார்.

"இல்லைன்னா எங்க கேம்ப்புல பவுடரு வாங்கலாம்."

"டப்பாப் பாலையா!"

ராசு என்னைப் பார்த்தார். நான் மடியில் விரித்திருந்த இந்தியா படத்தைப் பார்த்தேன். படத்தில் பால் இல்லை.

வழி கண்டுபிடித்தவள் ஆத்தா. எங்கள் செவலைப் பசுவின் பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, சீனி போடாத திரட்டுப்பாலாகக் கொடுத்துவிடுவாளாம். அங்கே போய் வெந்நீரில் கரைத்து ஊற்ற வேண்டியதுதானாம். சொன்னதோடு நிற்கவில்லை. கொஞ்சம் கிண்டி, ஒரு சம்படத்தில் மூடி, ரயிலும் பஸ்ஸும் எடுக்கிற நாள் அளவுக்கு அடுக்களையில் வைத்திருந்தாள். பிறகு கரைத்து முகர்ந்து பார்த்தாள்.

"வாசம் லேசா மாறியிருக்கு. ஆனாலும் நம்ம பால்தேன்."

எங்கள் வீட்டில் ஒத்திகை என்கிற வியாதி இப்படித்தான் தொடங்கியது.

அது மலைவரை போனதற்குக் காரணம், ராசு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்ன இன்னொன்று. "மாமா, அங்கன மூச்சு முட்டும். போன ஒடனே ரெண்டு நாளு அசையாமப் படுத்துக் கெடக்கணும்."

"படுத்துக் கெடக்கவா இம்புட்டுத் தூரம் போறேன்? மேகமலையில ஏலக்கா மூட்டை சொமந்தவன்டா நானு!"

அப்படியா, அப்படியானால் மேகமலையிலேயே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று சொன்னது நான்தான். பரீட்சைக்கு முன்னால் மாதிரிப் பரீட்சை வைத்தே பழகியவன் அல்லவா?

*

மேகமலையில் பாண்டி மச்சானுக்கு எஸ்டேட்டில் வேலை. தொழிலாளர் வரிசையில் ஒற்றை அறை லயன் வீடு. எங்களைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இங்கன உள்ளவுக குளுருக்குப் பயந்து மலையை விட்டு எறங்குறாக. நீங்க குளுரைத் தேடி ஏறி வாறீகளே மாப்ள!"

அய்யா சிரிக்கவில்லை. பரீட்சை எழுத வந்தவர் சிரிப்பாரா? அறைக்குள் இரண்டு பாயை விரித்தார். ஒன்று அவர் கட்டில், ஒன்று என் கட்டில். ஆளுக்கு ஒரு கம்பளி, அதற்கு மேல் வேண்டாம் என்றார். பாண்டி மச்சான் வெந்நீர் வைத்துக் கொடுத்தார், குளிக்க மறுத்துவிட்டார். லாட்ஜில் குளியல் இல்லையே! மாடி இல்லாத வீடாகப் போனதால் ஓட்டை ஒன்றுதான் குறை.

குளிரை அய்யா ஜெயித்துவிட்டார். விடிந்ததும் என்னைத் தட்டி எழுப்பி, "ம்... இம்புட்டுதேன் குளுரா?" என்றார். எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"மேல ஏறிப் பாப்பமா?"

லயனுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. முன்னால் அவர், பின்னால் நான். அவர் பேசிக்கொண்டே ஏறினார். அந்தக் காலத்தில் மூட்டையோடு எந்த இடத்தில் நிற்பார்கள், எங்கே பீடி பற்ற வைப்பார்கள்... பாதிச் சரிவில் பேச்சு நின்றது. கொஞ்சம் மேலே நடையும் நின்றது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா?"

"தேயிலை பாக்குறேன்ல."

தேயிலையைப் பார்க்கிற கண் இல்லை அது. உதடு, பழுக்கத் தொடங்கும் திராட்சையின் நிறத்தில் இருந்தது. வாயைத் திறந்து காற்றைக் கடித்துக் கடித்து இழுத்தார்.

நான் பூகோள வாத்தியார்... அண்ணன் எரிந்த இடம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம் என்று எனக்கு மனப்பாடம். அந்த உயரத்தில் காற்று எவ்வளவு மெலிந்திருக்கும் என்றும் தெரியும். கேள்வி கேட்டால் முழு மார்க் வாங்குவேன். ஆனால் என் கூப்பாடு கேட்டு ஓடிவந்து, அவரை முதுகில் சுமந்து இறங்கியவர் பாண்டி மச்சான்.

*

தேனியில் டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.

"இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. இவரை மேகமலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு?"

அய்யா முந்திக்கொண்டு லடாக்கைச் சொன்னார், மகனைச் சொன்னார், பாலைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். கூடவே கூடாது.

"போகக் கூடாதுங்கிறீகளா, வரக் கூடாதுங்கிறீகளா?"

"என்ன கேக்குறீங்கன்னு புரியல, பெரியவரே."

"போயிட்டாப் போதும்யா. நான் திரும்பி வாறதைப் பத்திக் கேக்கல."

டாக்டர் குழாயை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "போய்ச் சேரவே மாட்டீங்க. வழியில மலை ஏறும்போதே..." என்று நிறுத்திவிட்டார்.

கடைசி பஸ் போய்விட்டது என்று கண்டக்டர் சொன்னால் தலையாட்டுவோமே... அப்படி ஒரு தலையாட்டு ஆட்டினார் அய்யா. ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகம். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டார். பந்தலுக்கு அடியில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

நான் போகிறேன் என்று சொன்னேன். தம்பி தெளித்தாலும் வழக்கத்தில் குறை இல்லை. கோடை விடுமுறையில் அந்தப் பாதை பனியில் அடைபட்டிருக்கும். அது திறக்கிற சமயத்தில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். பரவாயில்லை, ஹெட்மாஸ்டரிடம் லீவு கேட்கலாம். ஆத்தா, "ஒத்தையிலயாலே?" என்று மட்டும் கேட்டாள். திரட்டுப்பால் கிண்டுகிற உருளியை விளக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

போவேன். ஊற்றுவேன். வேண்டுமானால் அய்யா பேரைச் சொல்லியே ஊற்றுவேன். அந்த ஆற்றங்கரையில் எரிந்த இடம் அதில் ஆறிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரிகிற இடம் கம்பத்தில் அல்லவா இருக்கிறது? அதற்கு எந்த மாட்டுப் பாலைக் காய்ச்ச? நாலு சாண் தூரம் என்று அளந்த கையை நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன். படத்தையும் தினமும் பார்க்கிறேன். பிள்ளைகளிடம் லடாக் எங்கே இருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் இந்த வாரம் வரவில்லை.

நேற்று மாலை அந்த லாட்ஜுக்கு எழுதிப் போட உட்கார்ந்தேன். அய்யா பக்கத்தில் வந்து நின்றார். இங்கிலீஷில் எழுதுவதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

"எத்தனை ஆளுன்னு போட்டிருக்க?"

"ஒண்ணு."

"ரெண்டுன்னு போடு."

"அய்யா... டாக்டர் என்ன சொன்னாக?"

"தெரியும்லே. நான் வரல. ரூமுக்கு ரெண்டு கட்டிலுன்னுதான ராசு சொன்னான்? எனக்குன்னு ஒண்ணு அங்கன கெடந்துட்டுப் போகட்டும்."

நான் ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டேன். கட்டில் இரண்டு. கம்பளி இரண்டு.

ஆள் இல்லாத கட்டிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள்... அங்கே குளிர் ரொம்ப அதிகமாம்.