சூடாறும் வரை

எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். ஓசூரில் வீட்டுக்கொரு கார் வந்துவிட்ட பிறகும் அதை விட அவருக்கு மனம் வரவில்லை. காலையில் ஒரே உதையில் கிளம்பிவிடும். கடைக்குப் போய் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால்தான் அடம் பிடிக்கும். நேற்று வாசலில் நின்று வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருந்தார். பெட்ரோலும் ஆயிலும் கலந்த பச்சை வாடை மாடிவரை ஏறி வந்தது. நான் பால்கனியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். "கொஞ்ச நேரம் சும்மா விடுங்க, சூடு ஆறட்டும்," என்று என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்பதைத் தொடப்போகிற, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத கிழவி எஞ்சினுக்கு வைத்தியம் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாடை வந்தால் முதலில் எனக்கு மனசு குளிரும். பிறகு கொஞ்ச நேரம் எதிலும் கை ஓடாது.

அறுபதுகளின் கடைசியில் நான் கிராம நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். வீடு கிருஷ்ணகிரியில், வேலை அணைக்கரையில். அப்போதெல்லாம் ஓசூர் என்றால் குளிரும் காய்கறியும்தான் நினைவுக்கு வரும். தொழிற்சாலை ஷிப்டு பஸ்ஸும் சங்கு சத்தமும் எவர் கனவிலும் இல்லை. அணை கட்டித் தண்ணீர் தேங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அக்கரையில் இருந்த சில ஊர்களுக்குச் சரியான பாதை இல்லாமல் போய்விட்டது. மாட்டுவண்டியில் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் ஓடிவிடும். அணையில் மீன்குஞ்சு விடுவதற்காக மீன்துறையினர் மோட்டார் படகு வைத்திருந்தார்கள். வாரம் இருமுறை அதில் என்னை அக்கரைக்குக் கொண்டுவிடச் சொல்லி ஏற்பாடு.

படகை ஓட்டியவர் சேவியர். தூத்துக்குடிப் பக்கம், கடலில் வளர்ந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் வந்து விழுவதைக் கேட்டு முதல் ஆறு மாதம் திருதிருவென்று விழித்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோவிலுக்குத்தான் பூசைக்கு வருவார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் நிற்கும் இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மோட்டார் படகின் பின்பலகையில் மாட்டுகிற வகை. உச்சியில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். பழைய மாடல், கியர் கிடையாது. கிளம்பியதுமே படகும் ஓட ஆரம்பித்துவிடும், கரையில் ஒதுங்க வேண்டுமென்றால் மோட்டாரை அணைத்தே ஆகவேண்டும். காலையில் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். ஓடிச் சூடாகி நின்றுவிட்டதென்றால் முடிந்தது. ஒரு மணி நேரம் யார் இழுத்தாலும் அசையாது. சூடு ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும்.

சாதாரண நாளில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. நான் ஊருக்குள் போய் ஊசி போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்துத் திரும்புவதற்குள் அது ஆறியிருக்கும். எப்போதாவது மீன்வலை தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு நடுத்தண்ணீரில் நின்றுபோகும். சேவியர் வலையை அறுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, பெட்ரோல் குழாய்மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்பது அவர் கணக்கு. துணி சுற்றி ஒரு மணி நேரம் போனதும் மோட்டார் கிளம்பிவிடுமா, கணக்கு சரி என்றே நம்பிவிட்டார். அதைக் கிளப்பியது துணியா, கடந்துபோன நேரமா என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்போம். பெரும்பாலும் அவர் பேச, நான் கேட்பேன். கடலில் விடியலைப் பற்றி, அவர் அம்மா கருவாடு காயவைக்கும் மணலைப் பற்றி. குந்தாரப்பள்ளி சந்தையில் வாங்கிய மாம்பழத்தை நான் கொண்டுபோயிருந்தால் பாதி அவருக்கு. என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நர்ஸை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்த வார்த்தைமேல் எனக்குக் கோபம் வந்த நாட்கள் உண்டு. ஒருநாள் துணியைச் சுற்றிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "இது சரியாயிட்டா ஒருவகையில நமக்கு நஷ்டம்தான் சிஸ்டர்," என்றார். நான் குனிந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டேன். அந்த வகையில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஆனாலும் பழுதைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. இரண்டு முறை மோட்டாரைக் கழற்றி, பஸ்ஸில் போட்டு, கிருஷ்ணகிரியில் லாரி மெக்கானிக் பாஷா பாயிடம் கொண்டுபோனார். அங்கே போய்ச் சேர்வதற்குள் அது ஆறியிருக்கும். பட்டறையில் முதல் இழுப்பிலேயே சீறிக்கொண்டு கிளம்பும். பாய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாரில் ஒன்றும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சேவியரின் அதிகாரி, ஓட்டத் தெரியாதவன் மோட்டார்மேல் பழி போடுகிறான் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அதற்கப்புறம் சேவியர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு ஆடி மாதம், காலை வேளையில், அக்கரையிலிருந்து கிருஷ்ணப்பா பரிசலில் வந்தார். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த முனிரத்தினம்மாவின் புருஷன். விடியற்காலையில் பெண்குழந்தை பிறந்துவிட்டதாம். "ரத்தம் நிக்கலீங்க நர்சம்மா," என்றார். நானும் அவரும் படகில் ஏறியதும் சேவியர் முழு வேகத்தில் விட்டார். போய்ப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஊசியைப் போட்டேன், வயிற்றைப் பிடித்துவிட்டேன், நிற்கவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றுதான் வழி. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கட்டிலோடு அவளைத் தூக்கிவந்து படகில் கிடத்தினோம்.

மோட்டார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

சேவியர் இழுத்தார். குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு இழுத்தார், பிளக்கை மாற்றிவிட்டு இழுத்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டார், கிருஷ்ணப்பா இன்னொன்றை எடுத்தார். எதிர்க்காற்று. கனத்த படகு முன்னால் போவதுபோலவே தெரியவில்லை. நடுநடுவே சேவியர் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றை இழுப்பார், திரும்பி வந்து வலிப்பார். கயிறு அறுத்து அவர் உள்ளங்கை கிழிந்துவிட்டது. நான் முனிரத்தினம்மாவின் வயிற்றை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நினைவு இருந்தது.

"பாப்பா பசிச்சி அழுவும் நர்சம்மா. சாயந்தரத்துக்குள்ள திரும்பிடலாமா?" என்றாள்.

திரும்பிடலாம் என்றேன்.

பாதி தூரம் தாண்டியதும் மோட்டார் பிடித்தது. படகு எம்பிக்கொண்டு பாய்ந்தது. சேவியர் குழந்தைபோலச் சிரித்தார். "பிடிச்சிட்டு சிஸ்டர், இந்தா போயிரலாம்," என்று அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். கிருஷ்ணப்பா முன்பலகையில் உட்கார்ந்து, கரையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். என் விரல்கள் முனிரத்தினம்மாவின் மணிக்கட்டில் இருந்தன. அங்கே நாடி தேடிக் கிடைக்காமல் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் இமையை விரித்துப் பார்த்தேன். முடிந்துவிட்டிருந்தது.

அவர்கள் இருவருக்கும் தெரியாது. சொல்ல வாயெடுத்து, சேவியரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கரை வரும்வரை வயிற்றை அழுத்தியபடியே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பயணம் வேறு இல்லை.

கரையில் மோட்டார் நின்றபிறகுதான் சொன்னேன். கிருஷ்ணப்பா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சேவியர் தன் கையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அடுத்த நாளே அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பாஷா பாயின் பட்டறைக்குப் போனார். இந்த முறை அங்கேயே ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் மாட்டி, கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டு அணைக்கச் சொன்னாராம். படகில் வெயிலின் கூச்சத்தில் தெரியாதது பட்டறை இருட்டில் தெரிந்தது. பிளக்கில் பொறியே வரவில்லை. உள்ளே பொறி உண்டாக்குவதற்குக் கண்டென்சர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் உண்டு. அது சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. பாய் தானே அதை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"நான் பெட்ரோலயே சந்தேகப்பட்டுட்டு இருந்துட்டேன் சிஸ்டர்," என்றார் சேவியர்.

அடுத்த முறை போகும்போது நடு அணையில் மோட்டாரை அணைத்தார். கயிற்றைச் சுற்றி இழுத்தார், பிடித்தது. அணைத்தார், இழுத்தார், பிடித்தது. திரும்பத் திரும்ப அதையே செய்தார். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. போதும் சேவியர் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். காயத்தின்மேல் பட்டிருக்க வேண்டும், கையை இழுத்துக்கொண்டார். நான் அவரைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு படகு எங்கேயும் நிற்கவில்லை. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பினோம். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். நானாக ஏதாவது கேட்டால் தலையசைப்பார். கார்த்திகை பிறக்கும் முன்பே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கடல்பக்கம் போய்விட்டார். போகிற நாளைக்கூட என்னிடம் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் தூணுக்குப் பக்கத்தில் வேறு யாரோ நின்றிருந்தார்கள், அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்பா பார்த்த இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். குறை சொல்ல எதுவும் இல்லை.

முனிரத்தினம்மாவின் பெண், பால் கொடுத்துக்கொண்டிருந்த சித்தி ஒருத்தியின் மடியில் வளர்ந்தாள். அம்மை ஊசி போட்டது நான்தான். பிறகு எனக்குக் கெலமங்கலம் பக்கம் மாற்றலாகிவிட்டது.

போன வருஷம் மகன் காரில் முனிரத்தினம்மாவின் ஊருக்குக் கூட்டிப்போனான். தார்ச்சாலை வாசல்வரை போகிறது. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்றார்கள். பிரசவத்தில் யாரும் செத்ததாக நினைவே இல்லை என்றாள் அங்கன்வாடியில் இருந்த பெண். கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. படகுத்துறை இருந்த இடத்தைத் தேடினேன். சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. இங்கேதான் படகு வந்து நிற்கும் என்று அந்தப் பெண்ணிடம் காட்டினேன்.

"இங்க எதுக்குங்க படகு?" என்றாள்.

காற்று அன்றைக்கும் எதிர்க்கரையிலிருந்துதான் அடித்தது. மகன் காரில் ஏறிக்கொண்டு ஹாரன் அடித்தான். தண்ணீர் முழுவதிலும் ஒரு படகுகூட இல்லை.