சாவோ தோமே பெரட்டு

தேன்மொழி எதையும் வெட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள். பிழைப்பே அதுதான். மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தா பக்கம் ஒரு கொக்கோ ஆலையின் லேபில் இருபத்திரண்டு வருஷமாக, வந்திறங்கும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் முந்நூறு கொட்டைகளை எடுத்து, நீளவாக்கில் பிளந்து, பூஞ்சை பிடித்திருக்கிறதா, சரியாகப் புளித்திருக்கிறதா என்று பார்க்கிறாள். சாக்கில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறதோ, சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் அந்த ஊரையும் ஒரு கை பார்த்துவிடுவாள்.

அப்படித்தான் சாவோ தோமே அவளைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், எரிமலை கக்கி எழுந்த தீவு. அதன் தெற்கே கிடக்கும் குட்டித் தீவின் மேல் நிலநடுக்கோடு ஓடுகிறது. ஜொகூர் மாதிரியே அடைமழை, புழுக்கம். ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் போர்த்துக்கீசியர் போய் இறங்கியபோது அங்கே ஆளே இல்லை. பிறகு அவர்கள் போட்ட கரும்பை யார் வெட்டினார்கள்? எதிர்க்கரையிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கொக்கோ கொழித்த காலத்தில் அடிமைமுறை ஒழிந்ததென்று சட்டம் வந்தது. அங்கோலாவிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். ஐந்து வருஷம் என்று பேச்சு. ஊர் திரும்பும் கப்பலைப் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. 1975இல்தான் தீவுக்கு விடுதலை.

தீவின் கொக்கோ தோட்டங்களில் வரிசை வீடுகள், விடிகாலை மணி, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெயர் கூப்பிடலுக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அப்பா அர்ச்சுனன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு பெரட்டில் நின்றதை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

இந்த வருஷம் ஆலையில் பார்வையாளர் கூடம் திறந்தார்கள். சுற்றிக்காட்ட ஓர் ஆள் வேண்டும். கத்தியோடு ஒரே இடத்தில் நின்று நின்று முட்டி தேய்ந்துபோன தேன்மொழிக்கு அந்த வேலை சாமி கொடுத்த வரம். கொடுக்க முன்வந்தவர் மேலாளர் கண்ணப்பன். நல்ல மனுஷர்தான், பரம்பரை வியாபாரக் குடும்பம், பெரட்டு என்ற சொல்லையே கேட்டிராதவர். கூடத்தில் ஊருக்கொன்றாக மாட்டிய பலகைகளில், சாவோ தோமே பலகையில் அவர் இப்படி எழுதிவைத்திருந்தார்: 'வளமான வாழ்வை நாடித் தொழிலாளர்கள் விருப்பத்துடன் இத்தீவுக்கு வந்தனர்.'

"இத நான் வாசிக்க மாட்டேன் சார்."

"ஒரு வரிதானக்கா. விசிட்டர்ஸ் சாக்லேட் சாப்பிட வர்றாங்க, அழறதுக்கு இல்ல லா. வாசிச்சா இந்த வேலை உங்களுக்கு. இல்லன்னா திங்கக்கிழமை மறுபடியும் கத்திதான்."

தேன்மொழி வழிகாட்டி அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சிங்கப்பூரிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். சாவோ தோமே பலகை வந்ததும், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர்களை வரிசையாக நிற்கச் சொன்னாள். ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தாள். எண்ணைக் கூப்பிட்டாள். பதில் சொல்லத் தாமதித்தவர்களை மறுபடி கூப்பிட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் இப்படி நிற்க வேண்டும் என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"ஐந்து வருஷம்" என்றாள் தேன்மொழி. "அதற்கப்புறமும் போகலாம் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்."

பிறகு தீவின் கதையைச் சொன்னாள், தோட்டத்தின் கதையையும் சேர்த்து. கோபமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. முடித்ததும் பலகையைக் காட்டி, இப்போது நீங்களே வாசியுங்கள் என்றாள். அந்த வரியை ஒருவரும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

கண்ணப்பன் கதவோரம் நின்றிருந்தார். கூட்டம் போனதும் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"திங்கக்கிழமை லேபுக்குப் போயிடுங்கக்கா."

"போறேன் சார்" என்றாள் தேன்மொழி, கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தபடி. "ஆனா நானே ஆசப்பட்டுப் போனேன்னு பலகையில எழுதிறாதீங்க."