தாயத்துக்குள் இருப்பது

என் மகளின் தொப்புள்கொடி இரத்தம் சேமிக்கப்படாமல் போனதற்குக் காரணம் விதியல்ல, டாக்டருமல்ல. நான்! இன்றுவரை என் கணவருக்கு இது தெரியாது.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

நான் நிறைமாதமாக இருந்தபோது, தென்காசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பிள்ளை பிறந்ததும் கொடியில் மிஞ்சும் இரத்தத்தை எடுத்து உறைய வைப்பார்களாம். பின்னாளில் பெரிய நோய் ஏதும் வந்தால் உதவுமாம். என் கணவர் கணக்கு வாத்தியார், எதையும் இலேசில் நம்பமாட்டார். வந்தவரோ ஒரே வாக்கியத்தில் அவரைச் சாய்த்துவிட்டார்.

"நம்ம பாட்டன் பூட்டன் கொடியத் தாயத்துல வச்சாங்கல்லா சார், அதத்தான் நாங்க ஃப்ரீசர்ல வைக்கோம்."

அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார்!

டாக்டர் என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தார். கொடியை உடனே வெட்டாமல் சற்றுப் பொறுத்தால் அந்த இரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும், ஆனால் சேமிக்கப் போதுமான அளவு மிஞ்சாமல் போகலாம் என்று. எனக்கோ இரத்தச்சோகை. என் பிள்ளைக்குச் சேர வேண்டியதை எடுத்து, வராத நோய்க்காகப் பூட்டி வைப்பதா? பசித்த வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கிப் பானைக்குள் மூடி வைப்பார்களா?

கணவரிடம் சொன்னேன். "நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீயாட்டி பதில் சொல்லுவ?" என்றார். வாயடைத்துப் போனேன்.

பிரசவ அறையில் டாக்டர் கேட்டபோது எனக்கு வாய் இருந்தது. "பொறுத்தே வெட்டுங்க டாக்டர். எதுவும் எடுக்க வேண்டாம். அவுகட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொன்னேனா? வெளியே கம்பெனிப் பெட்டியோடு காத்து நின்றுவிட்டு உள்ளே வந்த கணவரிடம், "ரத்தம் பத்தலையாம்" என்றேன். பச்சைப் பொய்!

அவர் கண் கலங்கினார். நான் இளகவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். சுமந்தவளுக்கு ஒரு சொல் கிடையாதா?

"போவட்டும், கொடியாவது இருக்குல்லா" என்று தேறிக்கொண்டு, ஆசாரியிடம் வெள்ளித் தாயத்துக்குச் சொல்லி வைத்தார்.

இனி சொல்லப்போவதைத்தான் என்னால் நிமிர்ந்து நின்று சொல்ல முடியவில்லை...

காய்ந்து விழும் கொடியைப் பத்திரப்படுத்த வேண்டியவள் நான். குளிப்பாட்டும்போது அது விழுந்து, தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருக்கிறது. கவனிக்கவில்லை. "ஏட்டி, கொடிய எங்க வச்ச?" என்று மாமியார் கேட்டதும் பயந்து போனேன். பிள்ளைக்கென்று சுட்டு வைத்திருந்த வசம்பில் ஒரு துண்டை ஒடித்து, துணியில் சுற்றிக் கொடுத்தேன். பார்க்க அப்படியேதான் இருந்தது. ஆசாரி அதைத் தாயத்துக்குள் வைத்து மூடிவிட்டார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. போன சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீருக்குள் விடுமுன் அவர் குனிந்து தாயத்து கோத்த அவளுடைய அரைஞாண் கயிற்றை இறுக்கி முடிந்தார்.

"அருவி அடிச்சிட்டுப் போயிரக் கூடாதுல்லா. நம்மட்ட இருக்கது இது ஒண்ணுதான்."

இரத்தத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். உங்களிடமும்தான்! ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், அவர் அந்தத் தாயத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.