அடைக்கோழி உட்கார்ந்த இரும்புத் தொப்பி

மதுரையிலிருந்து ஆபீசர் வரப்போகும் காலையில் இரும்புத் தொப்பியைக் காணவில்லை.

சண்டை முடிந்து திரும்பிய எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள், சாவடியை ஒட்டிய அறையில் தங்கள் சாமான்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு முடித்தவள் என்று என்னை வேலைக்கு வைத்தார்கள். சாமானைத் துடைத்து, விவரச் சீட்டு எழுதி, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். கைக்குழந்தையை அங்கேயே தூளியில் போட்டிருந்தேன். கூடத்தைப் பார்வையிட வரும் ஆபீசருக்குத் திருப்தியானால்தான் வேலை நிலைக்கும்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சரியாகத்தான் பூட்டினேனா என்று எனக்கே சந்தேகம். இன்னொரு சாவி தொப்பிக்குச் சொந்தக்காரரான வீரணனிடம் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

தொப்பி மல்லாந்து கிடந்தது. உள்ளே வைக்கோல், முட்டைகள், மேலே கோழி.

"சத்தம் போடாத ஆத்தா, அடையில இருக்கு," என்றார் அவர் மனைவி ஒச்சம்மா. "நீங்க தொப்பிய வாங்கிட்டுப் போனதுல இருந்து வேற எதுலயும் உக்கார மாட்டேங்குது. அதான் இவரு ராத்திரி எடுத்தாந்துட்டாரு."

"அக்கா, ஆபீசர் வாராக!"

"வரட்டும். முட்ட கூமுட்டையாப் போனா அவுகளா வந்து அடை உக்காருவாக? ஓம் புள்ளயக் கீழ போட்டுட்டுத் தூளியக் குடுன்னா குடுப்பியா?"

வீரணனைப் பார்த்தேன்.

"ஜப்பான்காரனுக்குக்கூடப் பயப்படல தாயி," என்று அவர் மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கடைசியில் ஒச்சம்மாவே கூடையைப் போட்டு மூடி, கோழியோடு தொப்பியைக் காட்சிக்கூடத்துக்குத் தூக்கி வந்தார்; பின்னாலேயே வீரணனும் வந்தார். தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டுக் காவலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் தலைவரான சுபேதார் ஐயா சிவந்துபோனார். "ஏலே வீரணா, இது மியூசியமா, சந்தையா?"

அதற்குள் ஆபீசர் நுழைந்துவிட்டார். 'பர்மாவில் தலை காத்த கவசம்' என்ற என் சீட்டைப் படித்தார். கூடையைத் தூக்கினார். முட்டையைத் தொடப்போனார். கோழி கொத்தியது.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அடையில இருக்கிறதத் தொடலாமாய்யா? படிச்சவுக!" என்றார் ஒச்சம்மா.

ஆபீசர் விரலை ஊதிக்கொண்டே சிரித்தார். "பர்மாவுல இதை வச்சு என்னப்பா செஞ்சீங்க?"

யார் கேட்டாலும் விறைத்து நின்று நம்பரும் ரெஜிமெண்டும் மட்டுமே சொல்லும் வீரணன், அன்று கோழியைப் பார்த்தபடி பேசினார். "மழத்தண்ணி புடிச்சோம்யா. கஞ்சி காச்சுனோம். கால்ல குண்டு பட்டு எந்திரிக்க முடியாமக் கெடந்தான் ஒரு சேக்காளி. அவனுக்கு ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் இதுலதான். மூணு மல தாண்டித் தூக்கியாந்தோம். பொழச்சுக்கிட்டான்."

"அடப்பாவி மனுசா!" ஒச்சம்மா எழுந்துவிட்டார். "அதுலயா எங் கோழிய உக்கார வச்சேன்?"

"கழுவிட்டுத்தாண்டி கஞ்சி காச்சுனோம்!"

சுபேதார் ஐயாவே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, எகிப்தில் அதே மாதிரித் தொப்பியில் தாம் சவரம் செய்த கதையைத் தொடங்கினார். ஆளுக்கு ஒன்று சொல்ல, ஆபீசர் மத்தியானம் வரை நகரவில்லை. புறப்படும்போது, "இந்தப் பொண்ணே இருக்கட்டும்," என்றார்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். சாமான் கொடுக்க வருகிறவரைத் தனியாக வரவிடாதீர்கள். பெயர், நம்பர், ரெஜிமெண்ட் எல்லாம் அவரே சொல்லிவிடுவார். மிச்சம், மனைவி யாரையாவது திட்ட ஆரம்பித்த பிறகுதான் வெளியே வரும்.