மேலேயா, கீழேயா?

பரிசோதனை நிலையத்தில் டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'மேலகீழ அக்கா'. ஹைப்பர், ஹைப்போ என்று இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றனவே, பார்த்தால் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். அர்த்தமோ ஏட்டிக்குப் போட்டி. ஒன்று அளவுக்கு மேலே ஏறியதைச் சொல்லும், மற்றது கீழே இறங்கியதை. காதில் எவ்வளவு தெளிவாக விழுந்தாலும் சரி, போனை எடுத்துவிடுவாள்.

"டாக்டர், மேலேயா, கீழேயா?"

"ஏம்மா, நான் சொன்னா உனக்கு நம்பிக்கையே வராதா?" என்று பெரிய டாக்டர் அலுத்துக்கொள்வார்.

"நம்பிக்கை வேற, கேக்குறது வேற டாக்டர்."

கேட்காமல் ஓர் எழுத்துகூடத் தட்டமாட்டாள். மகா பிடிவாதக்காரி.

வீட்டில் கதையே வேறு. கணவருக்குச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. போட்டதும் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடும். மனுஷருக்கு நாக்கு அடங்காது. ஒளித்து வைத்த பிஸ்கட்டைத் தேடிப் பிடித்துத் தின்பார். கையும் களவுமாக மாட்டினால் சோபாவில் சாய்ந்துகொண்டு, "சர்க்கரை இறங்கிடுச்சுடி, அதான்" என்பார். முதலில் எல்லாம் பதறிப்போய் விரலில் குத்திச் சோதித்தாள். ஏறித்தான் இருந்தது. அவர் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டுக்கொண்ட மனிதர் சாப்பிட மறந்து செய்தித்தாளில் மூழ்கிவிட்டார். மேசையில் அவர் தட்டு மூடியபடியே இருந்தது, அவள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தடுமாறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"கொஞ்சம் சர்க்கரை குடும்மா."

"அடேயப்பா, என்ன நடிப்பு! உங்க பருப்பு என்கிட்ட வேகாது. போய்ப் படுங்க."

"நிஜமாத்தான்..."

"இன்னொரு தடவை கேட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். சோதிக்கும் கருவி அலமாரியில், கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. யார் யாருக்காகவோ கேட்டவள், கட்டினவருக்காகக் கேட்கவில்லை. பாவி, துணியை எல்லாம் மடித்து முடித்துவிட்டுத்தான் எழுப்பப் போனாள். அவர் எழவில்லை.

உயிரை மருத்துவமனை மீட்டுக் கொடுத்தது. ஆனால் மூளை அடி வாங்கிவிட்டது. பேச்சு குழந்தைப் பேச்சாயிற்று. அந்த மதியம் அவர் நினைவில் அடியோடு இல்லை. பார்க்க வருபவர்களிடம், "இவ இல்லேன்னா நான் போயே சேர்ந்திருப்பேன்" என்று பெருமைப்படுவார். அதைக் கேட்பதைவிட அவர் அவளை நாலு அறை அறைந்திருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட வாயெடுப்பாள். அவர் சிரிப்பைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விடுவாள்.

நேற்று மாலை அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஓடிப்போய்க் கருவியை எடுத்துச் சோதித்தாள். கீழே. சர்க்கரை கரைத்த டம்ளரோடு வந்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"குடிங்க. என் ராஜா இல்ல?"

"வேணாம். நீ கோச்சுக்குவே."

எல்லாம் மறந்தவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. "கோச்சுக்க மாட்டேங்க, சத்தியமா மாட்டேன், குடிங்க" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் அழுவதைப் பொறுக்காமல் ஒரு வாய் குடித்தார். பிறகு அவள் தலையைத் தடவினார்.

"அழாதே. நான் இனிமே கேக்கவே மாட்டேன்" என்றார்.