மூன்றாவது புளியங்கொட்டை

“...வெறும் ரத்தமும் சளியுமா வந்தா அதுவும் போனதுல சேத்தியா, அப்பு? குந்திக் குந்தி எந்திரிச்சதுதான் மிச்சம். போனது ரெண்டே தடவதான்.”

சொன்னவர் வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் கத்திரித் தோட்டம் வைத்திருந்த ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. நாகல் நகரில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். அக்காவுக்குப் பெருங்குடலில் புண் என்று மதுரையில் குழாய் விட்டுப் பார்த்து முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த நோய் சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு சீறும். எவ்வளவு சீறுகிறது என்று பார்த்துத்தான் மாத்திரையா, மதுரைப் பெரியாஸ்பத்திரியா என்று டாக்டர் முடிவு செய்வார்.

ஒரு நாளைக்கு ரத்தத்தோடு எத்தனை தடவை, காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, கண்ணிமை வெளுத்திருக்கிறதா, குழாயில் நிறுத்திய ரத்தம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே இறங்குகிறது, இவ்வளவையும் பார்ப்பார். ரத்தத்தோடு போவது ஆறு தடவை ஆகி, நாடியும் காய்ச்சலும் ஏறியிருந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, குடல் வீங்கி ஓட்டை விழுந்துவிடும் என்பார்.

எத்தனை தடவை என்று கேட்பது என் வேலை. எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பேச்சுக் கேட்பதில் மட்டும் தீராத ஆசை. டாக்டர் ‘மலம்’ என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். என்னிடம் கொட்டித் தீர்ப்பார்கள். உள்ளே யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த பாய் ஒருவர், வயிற்றுக்குள் சுண்ணாம்புத் தொட்டி வைத்தது போல எரிகிறது என்றார். இதையெல்லாம் பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

முந்தைய வாரம் இந்த அக்கா ‘ரெண்டு’ என்றார், நானும் ரெண்டு என்றே எழுதினேன். லேசுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். இந்த வாரம் நாடி நூற்றுப் பத்து, காய்ச்சல் வேறு, இமை சோளத்தட்டை மாதிரி வெளுத்திருந்தது. தடவை மட்டும் அதே ரெண்டு. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பொருந்தவில்லையே, நல்லாக் கேளுப்பா என்று என்னிடம் அனுப்பினார். கேட்டபோதுதான் அந்தப் பதில் வந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கெட்டியாக ஏதாவது வந்தால்தான் அது போனது. மற்றதெல்லாம் சும்மா குந்திவிட்டு வந்தது. நானும் அப்படி எண்ணி வளர்ந்தவன்தான். போன வாரமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை வாங்கி வந்து அவர் முன்னால் போட்டேன். நேற்றுக் கோழி கூப்பிட்டதிலிருந்து இன்றைக்குக் கோழி கூப்பிட்டது வரை குந்தப் போன ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை, வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றேன். அவர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “தண்ணி பாய்ச்சயில ரெண்டு வாட்டி ஓடுனியே, அதையும் வையி” என்றார். அக்கா முறைத்துக்கொண்டே வைத்தார்.

பதினொன்று.

“இம்புட்டா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் வந்து பார்த்தார், இன்றைக்கே மதுரை என்றார். தோட்டத்தில் காய் பறிக்க ஆளில்லை, ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா என்று அக்கா என்னிடம் இழுத்தார். நான் கொட்டைகளைக் காட்டினேன். வீட்டுக்காரர்தான் முடித்துவைத்தார்: “காய் முத்துனா வெதைக்கு ஆச்சு. நீ கெளம்பு.”

மதுரையில் மூன்று வாரம். ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு மறுமாதம் அக்கா வந்தபோது முகம் தெளிந்திருந்தது, ஒரு பை நிறையக் கத்திரிக்காயும் கொண்டுவந்திருந்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு புளியங்கொட்டைகளை மேஜையில் வைத்தார். ரத்தம் உண்டா என்றேன். பேருக்குக்கூட இல்லை என்று கையை விரித்தார். நாடி எழுபத்தெட்டு. சந்தோஷமாக ரெண்டு என்று எழுதப் போனேன்.

“செத்த பொறு, அப்பு” என்றார். “பஸ் ஸ்டாண்டுல போயிக் குந்துனேன். வெறும் காத்துதான். வராட்டியும் வையின்னு நீதான சொன்ன?”

முடிச்சின் மூலையில் விரலை விட்டுத் துழாவி, மூன்றாவது கொட்டையை எடுத்து, மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தார்.